'பிளட் ஹார்மனி' இரத்தத்தில் வருவதா? போலிக் சகோதரர்களை வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்கக் கன்ட்ரி இசையைக் கேட்கத் தொடங்கும் எவருக்கும் 'பிளட் ஹார்மனி' என்ற பேச்சு சீக்கிரமே காதில் விழுந்துவிடும். அண்ணன் தம்பியோ அக்கா தங்கையோ சேர்ந்து பாடும்போது இரண்டு குரல்களும் பிரித்தறிய முடியாதபடி இழைந்துபோவதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் அது. அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான்: ஒரே இரத்தம், அதனால் ஒரே குரல். இதைச் சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த விளக்கத்தில் உண்மை கொஞ்சம்தான் இருக்கிறது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, இந்தப் பேச்சு அந்தப் பாடகர்களின் உழைப்பையே மறைத்துவிடுகிறது என்பது. கூடப் பிறந்தால் போதும், வாயைத் திறந்தால் ஹார்மனி வந்துவிடும் என்ற நினைப்பு பரவிவிட்டது. அந்த இழைவு எங்கிருந்து வருகிறது, அதில் பிறப்பின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு, அந்த இருவரும் பிரிந்து தனித்தனி வழியில் போனால் அது என்ன ஆகிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

இந்த வகைப் பாட்டில் எல்லோருக்கும் தெரிந்த அண்ணன் தம்பியான எவர்லி பிரதர்ஸை விட்டுவிட்டு, அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் பாடிய, இன்று வெகு சிலருக்கே தெரிந்த ஒரு ஜோடியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நார்த் கரோலினா மாநிலத்தின் ஹிக்கரி ஊரைச் சேர்ந்த பில் போலிக், எர்ல் போலிக் சகோதரர்கள். 'ப்ளூ ஸ்கை பாய்ஸ்' என்ற பெயரில் பாடியவர்கள்.

முதலில், ஹார்மனி என்றால் என்ன?

நம் கச்சேரிகளில் இருவர் சேர்ந்து பாடினால் இருவரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பிடிக்கிறார்கள். ஒருவர் மேல் ஸ்தாயியில் இருக்கலாம், மற்றவர் கீழே இருக்கலாம். ஸ்வரம் ஒன்றுதான். ஹார்மனியில் அப்படி இல்லை. ஒருவர் ஒரு ஸ்வரத்தைப் பாடும் அதே நொடியில் மற்றவர் வேறொரு ஸ்வரத்தைப் பாடுவார். சொல் ஒன்று, தாளம் ஒன்று, ஸ்வரம் மட்டும் இரண்டு.

மேற்கத்திய மேஜர் ஸ்கேலை ஏறக்குறைய நம் சங்கராபரணம் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டின் மெட்டு ஸ, ரி, க என்று ஏறுகிறது. அதைப் பாடுபவரை 'லீட்' என்பார்கள். அவர் ஸ பாடும்போது அடுத்தவர் க பாடுகிறார். அவர் ரி என்றால் இவர் ம. அவர் க என்றால் இவர் ப. மெட்டுக்கு மேலே இப்படி ஒட்டிப் போகும் குரலுக்குக் கன்ட்ரி இசையில் 'டெனர்' என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்வரம் விட்டு இருக்கும் இந்த இடைவெளிதான் 'தேர்ட்'. டெனர் எப்போதும் இதே இடைவெளியில்தான் போகும் என்றில்லை. மெட்டு வளையும் இடத்தில் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பிடிக்க வேண்டி வரும். ஆனால் அடிப்படை இதுதான். இப்படிக் குரல்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகாமல், ஒரு ஸ்தாயிக்குள் அடுத்தடுத்த இடங்களில் நின்று பாடுவதை 'க்ளோஸ் ஹார்மனி' என்கிறார்கள்.

வீட்டில் கீபோர்டு இருந்தால், மேஜர் ஸ்கேலில் இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். அப்புறம் மேல் வரிசையை மட்டும் தனியாக வாசியுங்கள். அது ஏதோ பாட்டின் ஓரத்தைப் போல இருக்கும், பாட்டாக இருக்காது. டெனர் குரலின் இந்த இயல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சகோதரர்கள் பிரிந்த பிறகு நடக்கும் பல விஷயங்களுக்கு இதுதான் காரணம்.

போலிக் சகோதரர்களில் 1919இல் பிறந்த தம்பி எர்ல் கீழே நின்று லீட் பாடினார், கிடார் வாசித்தார். 1917இல் பிறந்த அண்ணன் பில் மேலே டெனர் பாடினார், மாண்டலின் வாசித்தார்.

ஒரே மைக், இரண்டு பேர்

இந்த மாதிரிப் பாட்டு ஏன் 1930களில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அவ்வளவு செழித்தது? ஒரு காரணம் பணம். பெரும் பொருளாதார மந்தத்தின் காலம் அது. இரண்டு பேர், இரண்டு வாத்தியம், ஒரு கார். இவ்வளவு இருந்தால் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடக் கட்டடங்களில் நிகழ்ச்சி நடத்தலாம். பெரிய குழுவுக்குக் கட்டுப்படியாகாத வருமானம் இரண்டு பேருக்குக் கட்டுப்படியானது.

இன்னொரு காரணம் மைக். 1925 வரை ஒலிப்பதிவு என்றால் ஒரு பெரிய கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும். மின்சார மைக் வந்த பிறகுதான் மெல்லிய குரலில் பாடுவதும் பதிவானது. ஸ்டுடியோவானாலும் வானொலி நிலையமானாலும் ஒரே மைக்கைச் சுற்றித்தான் நிற்பார்கள். யாருடைய குரல் தூக்கலாக வருகிறது என்று சரிசெய்யத் தனிப் பொத்தான் கிடையாது. குரல் மேலோங்கினால் பாடுபவர் தானே அரை அடி பின்னால் போக வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் மூச்சு கேட்கும் தூரம் அது. அவர் எங்கே மூச்சு வாங்கப் போகிறார் என்பது தோள் அசைவிலேயே தெரிந்துவிடும்.

1935இல் ஆஷ்வில் நகர வானொலியில் பாடத் தொடங்கிய போலிக் சகோதரர்கள், 1936 ஜூன் 16 அன்று சார்லட் நகரில் முதன்முதலாக ஒலிப்பதிவுக்கு நின்றார்கள். ஆர்சிஏ விக்டர் என்ற ரெக்கார்டு நிறுவனத்தின் மலிவு விலை லேபிளான புளூபேர்டுக்காக. பில்லுக்கு அப்போது 18 வயது, எர்லுக்கு 16. அந்த ஒரே நாளில் பத்துப் பாடல்கள் பதிவாயின. அவற்றில் 'தி சன்னி சைட் ஆஃப் லைஃப்' அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் அதே நகரில், அதே லேபிளுக்கு மன்ரோ பிரதர்ஸ் என்ற இன்னோர் அண்ணன் தம்பி பாடிவிட்டுப் போயிருந்தார்கள். புளூபேர்டின் பதிவுகளைப் பார்த்துக்கொண்ட எலி ஓபர்ஸ்டீனுக்கு, போலிக் பையன்கள் அவர்களைக் காப்பியடிக்கிறார்களோ என்ற சந்தேகம் இருந்ததாம். பாடக் கேட்டதும் அது தீர்ந்தது. மன்ரோ சகோதரர்களின் பாட்டு வேகம், உரம், பாய்ச்சல். போலிக் சகோதரர்களுடையது நிதானம், தணிந்த குரல். எத்தனையோ 'பிரதர்ஸ்' ஏற்கெனவே இருந்ததால் அந்தச் சொல்லே வேண்டாமென்று வேறு பெயர் தேடினார்கள். ப்ளூ ரிட்ஜ் மலையிலிருந்து 'ப்ளூ', 'வானத்தின் நாடு' என்று அந்த மலைப்பகுதிக்கு இருந்த பட்டப்பெயரிலிருந்து 'ஸ்கை'. அப்படித்தான் ப்ளூ ஸ்கை பாய்ஸ் ஆனார்கள்.

அந்தப் பதிவுகளை இன்று கேட்டாலும் முதலில் பிடித்து நிறுத்துவது அந்த அடக்கம்தான். காதலியை ஆற்றங்கரையில் கொன்றவனின் கதையைக்கூடக் குரலை உயர்த்தாமல், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல் பாடுகிறார்கள். கதையின் கொடூரம் அதனாலேயே நம்மை அதிகமாகத் தாக்குகிறது.

குரல்கள் எப்படி ஒன்றாகின்றன?

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்திருக்கிறீர்களா? நடுவில் உள்ள இரண்டு தந்திகளையும் அடுத்தடுத்து மீட்டினால், கிட்டத்தட்ட சேர்ந்திருக்கும் நிலையில் ஒலி ஏறி இறங்கி ஏறி இறங்கி அலைபாயும். சேர்ப்பவர் தந்தியில் கோத்த மணியை ஒரு மயிரிழை நகர்த்துவார். அலைவு மெதுவாகும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் அலைவு நின்று, ஒலி விரிந்து நிற்கும்.

அந்த அலைவுக்குப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'விம்மல்' என்று பெயர். ஒரு தந்தி நொடிக்கு 200 முறை அதிர்கிறது, இன்னொன்று 202 முறை அதிர்கிறது என்றால், இரண்டும் சேர்ந்து நொடிக்கு 2 முறை விம்மும். இரண்டும் 200 ஆகிவிட்டால் விம்மல் இல்லை.

ஆனால் ஹார்மனியில் இருவரும் வேறு வேறு ஸ்வரம் பாடுகிறார்களே, அங்கே என்ன சேர்கிறது? இதற்கும் தம்புராவே பதில் சொல்கிறது. நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். காரணம், எந்தத் தந்தியும் எந்தக் குரலும் ஒரே அதிர்வெண்ணில் மட்டும் ஒலிப்பதில்லை. 200இல் பாடும் குரலுக்குள் 400, 600, 800, 1000 என்று அதன் மடங்குகளும் மெல்லியதாக ஒலிக்கின்றன. இவற்றை 'மேற்சுரங்கள்' என்கிறோம். அந்த ஐந்தாவது மடங்கு, 1000, காந்தாரத்தில் விழுகிறது.

இப்போது எர்ல் 200இல் ஸ பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் 250இல் க பாடுகிறார். பில்லின் மேற்சுரங்கள் 500, 750, 1000. இரண்டு பேரின் மேற்சுரங்களும் 1000இல் வந்து மோதாமல் பொருந்துகின்றன. விம்மல் இல்லை.

பியானோவிலோ கீபோர்டிலோ இதே க கிட்டத்தட்ட 252இல் இருக்கும். எல்லா ஸ்கேலும் ஒரே கருவியில் வாசிக்க வேண்டும் என்பதற்காக எல்லா ஸ்வரங்களையும் சமமாகப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் வரும் சிறு விலகல். இரண்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அதன் நான்காவது மடங்கு 1008. எர்லின் 1000த்தோடு அது சேரும்போது நொடிக்கு 8 முறை விம்மும். காதுக்கு அது லேசான கரகரப்பாகப் படும்.

கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளும் ஏறக்குறைய இப்படிச் சமமாகப் பங்கிடப்பட்டவைதான், அவற்றை நகர்த்த முடியாது. தொண்டைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழகிய இரண்டு பாடகர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே 252இலிருந்து 250க்கு மெல்லச் சாய்ந்துவிடலாம். கணக்குப் போட்டு இல்லை, கரகரப்பு மறையும் வரை தேடி.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஹார்மனி என்பது இரண்டு ஸ்வரம். இருவரின் மேற்சுரங்களும் விம்மல் இல்லாமல் பொருந்தும்போது அது இனிக்கிறது. அந்தப் பொருத்தம் காதால் தேடிப் பிடிப்பது. இதில் இன்னும் இரத்தம் எங்கும் வரவில்லை.

உயிரெழுத்தில் இருக்கிறது சூட்சுமம்

சுருதி சரியாகச் சேர்ந்தாலும் சில ஜோடிகள் இரண்டு பேராகவே கேட்கும். போலிக் சகோதரர்கள் அப்படிக் கேட்பதில்லை. இங்கே வேலை செய்வது வேறொன்று.

ஒரே சுருதியில் 'ஆ' என்றும் 'ஈ' என்றும் பாடிப் பாருங்கள். சுருதி மாறவில்லை, ஆனால் ஒலியின் நிறம் மாறிவிட்டது. நாக்கும் உதடும் தாடையும் நகர்ந்து வாய்க்குள் இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை மாற்றுகின்றன. அந்த வடிவத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் பெரிதாகின்றன, சில அமுங்குகின்றன. அப்படி எடுப்பாகத் தெரியும் பகுதிகளுக்கு 'ஃபார்மன்ட்' என்று பெயர். உயிரெழுத்துகளை நாம் பிரித்தறிவதும் இதை வைத்துத்தான், ஒருவர் குரலை இன்னொருவர் குரலிலிருந்து பிரித்தறிவதில் பெரும் பங்கும் இதற்குத்தான்.

ஒருவர் அகலமான 'ஆ'வும் இன்னொருவர் கொஞ்சம் வட்டமான 'ஆ'வும் பாடினால் காது உடனே இரண்டு ஆட்கள் என்று கண்டுபிடித்துவிடும். வாயின் வடிவம் ஒன்றாகவே இருந்தால், எந்த மேற்சுரம் யாருடையது என்று காதுக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குரல் என்று எடுத்துக்கொள்கிறது.

இங்கேதான் கூடப் பிறந்தவர்களுக்கு உண்மையான அனுகூலம். தொண்டையின் நீளம், குரல் நாண்களின் பருமன், அண்ணத்தின் வளைவு எல்லாம் ஓரளவு குடும்பத்தில் வருபவை. இது பிறப்பின் பங்கு, இதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயிரெழுத்தை எப்படி உச்சரிக்கிறோம் என்பது பிறப்பில் வருவதில்லை. ஒரே வீட்டில், ஒரே தாயின் பேச்சைக் கேட்டு, ஒரே தெருவில் விளையாடி வருவது. ஹிக்கரி வட்டாரத்தில் ஒரு சொல்லை எப்படி இழுப்பார்களோ, எந்த இடத்தில் மூக்கில் ஏற்றுவார்களோ, அப்படியே இருவரும் இழுத்தார்கள், ஏற்றினார்கள்.

அதற்கு மேல் இருப்பதெல்லாம் சுத்தமான பயிற்சி. வரியின் கடைசிச் சொல்லை இருவரும் ஒரே நொடியில் விடுவது. 'ஸ்', 'ட்' போன்ற மெய்யொலிகள் இரண்டு முறை கேட்காமல் ஒரு முறை கேட்பது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்போது இருவரும் ஒரே வேகத்தில் வழுக்குவது. குரலை நடுக்கிப் பாடும் வைப்ரேட்டோவை அளவோடு வைத்துக்கொள்வதும் இதில் சேர்த்தி. ஒருவர் குரல் ஒரு விதமாகவும் மற்றவர் குரல் வேறு விதமாகவும் நடுங்கினால், கஷ்டப்பட்டுப் பிடித்த 250 நொடிக்கு நொடி கைநழுவும்.

பிறப்பு கொடுப்பது ஒத்த கருவி. வீடும் ஊரும் கொடுப்பது ஒத்த உச்சரிப்பு. மீதி, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே பாடிய ஆண்டுகள்.

சகோதரிகள் அல்லாத சகோதரிகள்

பிறப்பின் பங்கு எவ்வளவு என்று பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கூடப் பிறக்காதவர்கள் இப்படிப் பாட முடிந்ததா?

1953இல் அமெரிக்கக் கன்ட்ரி பட்டியலில் டேவிஸ் சிஸ்டர்ஸ் என்ற ஜோடியின் பாடல் முதலிடத்துக்கு வந்தது. கேட்டால் சத்தியம் செய்யலாம், இவர்கள் அக்கா தங்கைதான் என்று. ஆனால் இருவருக்கும் எந்த உறவும் இல்லை. கென்டக்கியில் ஒரே பள்ளியில் படித்த தோழிகள். ஒருவர் பெட்டி ஜாக் டேவிஸ். இன்னொருவரின் பெயர் மேரி ஃபிரான்சிஸ் பெனிக். ஜோடிக்காக அவர் தோழியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு ஸ்கீட்டர் டேவிஸ் ஆனார். நம் ஊரிலும் ஆலத்தூர் சகோதரர்கள் என்று புகழ்பெற்ற சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். ஒரே குருவிடம் சேர்ந்து கற்றவர்கள்.

சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜோடியும் இப்படித்தான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பள்ளி நண்பர்களாக, எவர்லி பிரதர்ஸைக் கேட்டுக் கேட்டுப் பாடப் பழகியவர்கள்.

இந்த ஜோடிகளுக்கு ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. சிறு வயதிலேயே சேர்ந்து, ஒரே வட்டாரப் பேச்சில் வளர்ந்து, வருடக்கணக்கில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். கூடப் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் கேட்காமலே கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு பாடலாம், வயலுக்குப் போகும் வழியில் பாடலாம்.

அலபாமாவின் சாண்ட் மவுண்டன் பகுதியில் வளர்ந்த ஐரா, சார்லி என்ற லூவின் சகோதரர்களைப் பாருங்கள். அங்கே 'சேக்ரட் ஹார்ப்' என்ற முறையில் பக்திப் பாடல் பாடுவார்கள். வாத்தியம் கிடையாது. மக்கள் நான்கு பக்கமும் உட்கார்ந்து நான்கு குரல் பிரிவாகப் பாடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்துப் பிரிவின் ஸ்வரமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இதில் வளர்ந்த இருவரும் பிற்காலத்தில் பாட்டின் நடுவிலேயே இடம் மாற்றிக்கொள்வார்கள். மெட்டு சார்லிக்கு எட்டாத உயரத்துக்குப் போனால் ஐரா அதை எடுத்துக்கொள்வார், சார்லி கீழே இறங்கி ஹார்மனியைப் பிடிப்பார். கேட்பவருக்கு மாறியதே தெரியாது. இதை இரத்தம் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிரிந்த பிறகு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிளட் ஹார்மனி பற்றிப் பேசுபவர்கள் அநேகமாகத் தொடாமல் விடுவதும் இதைத்தான். ஹார்மனி என்பது இருவருக்கும் சொந்தமான ஒரே பொருள். பாகம் பிரித்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?

லீட் பாடியவருக்கு மெட்டு மிஞ்சும். அதை வைத்துத் தனியாகப் பாடலாம். டெனர் பாடியவருக்கு மிஞ்சுவது முன்னே சொன்ன அந்த ஓரம் மட்டுமே.

மன்ரோ பிரதர்ஸ் 1938இல் பிரிந்தார்கள். லீட் பாடிய அண்ணன் சார்லி தன் குழுவை அமைத்துக்கொண்டு அதே மாதிரிப் பாட்டைத் தொடர்ந்தார். டெனர் பாடிய தம்பி பில் மன்ரோவுக்கு வேறு வழியில்லை, தானே லீட் பாடப் பழக வேண்டியிருந்தது. 1939இல், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி மேடையில் தனியாக மெட்டைத் தூக்கிப் பாடினார், குரலை வழக்கத்தைவிட உயரத்தில் வைத்து. அவர் அமைத்த குழுவின் பெயர் ப்ளூ கிராஸ் பாய்ஸ். பின்னாளில் அந்த இசை வகைக்கே 'ப்ளூகிராஸ்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஆனாலும் அவர் டெனரை விடவில்லை. லெஸ்டர் ஃபிளாட் போன்ற லீட் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு, மேலே தன் பழைய இடத்தில் நின்றார். ஒரு புதிய இசை வகையே, தம்பிக்கு அண்ணன் இல்லாமல் போனதில் ஒரு பகுதியாவது பிறந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

லூவின் சகோதரர்கள் 1963இல் பிரிந்தார்கள். 1965 ஜூனில் மிசூரியில் நடந்த கார் விபத்தில் ஐரா இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டே சார்லியின் தனிப்பாடல் ஒன்று கன்ட்ரி பட்டியலில் முதல் ஐந்துக்குள் வந்திருந்தது. 2011இல் இறக்கும் வரை பாடிக்கொண்டே இருந்தார். ஒரு பேட்டியில் அவர் சொன்ன விஷயம்: ஹார்மனி வரும் இடம் நெருங்கினால், அண்ணன் இறந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், தன்னை அறியாமல் மைக்கிலிருந்து இடப்பக்கம் நகர்ந்துவிடுவாராம், அண்ணனுக்கு இடம் விட்டு.

எவர்லி பிரதர்ஸ் 1973 ஜூலையில் கலிஃபோர்னியாவில் மேடையிலேயே பிரிந்து, 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்தார்கள். நடுவில் இருவரும் தனித்தனியாக ஆல்பம் போட்டார்கள். எதுவும் அந்தப் பழைய உயரத்தைத் தொடவில்லை.

போலிக் சகோதரர்களின் கதை இவை எதையும் போல இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இருவரும் ராணுவத்துக்குப் போனார்கள். திரும்பி வந்து 1946இலிருந்து மறுபடி வானொலி, மறுபடி பதிவு. 'கென்டக்கி' என்ற பாடல் 1947இல் நன்றாகப் போனது. ஆனால் நாஷ்வில்லின் காற்று மாறிக்கொண்டிருந்தது. நடன அரங்குகளுக்காக ஒலியைக் கூட்டிய, எலெக்ட்ரிக் கிடாரும் தாளமும் முன்னே நிற்கும் பாட்டு வந்துவிட்டது. ஆர்சிஏ விக்டர் இவர்களையும் எலெக்ட்ரிக் கிடார் சேர்க்கச் சொன்னது. இவர்கள் மறுத்தார்கள்.

இதைப் பழமைப் பிடிவாதம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மேலே பார்த்த அந்த 250ஐயும் 252ஐயும் வைத்து யோசித்துப் பாருங்கள். மாண்டலினையும் சாதாரணக் கிடாரையும் தட்டினால் ஒலி எழுந்து உடனே தணிந்துவிடும். அந்த இடைவெளியில்தான் இரண்டு குரல்களும் ஒன்றையொன்று தேடிப் பொருந்துகின்றன. அங்கே நீண்டு ஒலிக்கும் ஓர் எலெக்ட்ரிக் கிடார் வந்து உட்கார்ந்தால், குரல்கள் அதன் ஸ்வரத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அதை மீறிக் கத்த வேண்டும். தணிந்து பாடுவதையே தங்கள் பாணியாக வைத்திருந்தவர்களுக்கு இரண்டுமே ஒத்துவராது. தங்கள் பாட்டு எதனால் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1951இல் இருவரும் பாடுவதை நிறுத்தினார்கள். பில் நார்த் கரோலினாவுக்குத் திரும்பி அஞ்சல் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். எர்ல் ஜார்ஜியாவில் லாக்ஹீட் விமான நிறுவனத்தில். ஒருவர் கடிதங்களோடு, ஒருவர் விமானங்களோடு, வேறு வேறு மாநிலத்தில். தோற்றுப்போய் வேலை தேடியவர்கள் என்று இவர்களைச் சொல்வது தவறு. நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்திருந்தார்கள், பெயர் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. தனியாகப் பாடிப் பார்க்கவும் அவர்கள் போகவில்லை. சேர்ந்து பாடிய பாட்டைத் தங்கள் விருப்பப்படி பாட முடியாதபோது அதை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

1960களில் கல்லூரி மாணவர்களிடையே பழைய நாட்டுப்பாடல்கள் மீது பெரிய ஆர்வம் கிளம்பியது. பழைய ரெக்கார்டுகளைத் தேடிக் கேட்டவர்கள் அந்தப் பாடகர்களையும் தேடினார்கள். போலிக் சகோதரர்களும் கிடைத்தார்கள். ஸ்டார்டே நிறுவனத்துக்குப் பதிவு செய்தார்கள், 1964 அக்டோபரில் இலினாய் பல்கலைக்கழகத்தில் கச்சேரி செய்தார்கள், அடுத்த ஆண்டு கேப்பிடல் நிறுவனத்துக்கு ஓர் ஆல்பம். எழுபதுகளின் நடுவில் ரவுண்டர் நிறுவனத்துக்கு இன்னொன்று.

அந்த 1964 கச்சேரி பின்னால் ஆல்பமாக வந்தது. 1936 பதிவையும் அதையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பாடம். குரல்கள் வயதாகித் தடித்திருக்கின்றன. பதின்ம வயதின் மென்மை இல்லை. ஆனால் வரியின் முடிவில் இருவரும் சேர்ந்து இறங்கும் இடம் அப்படியே இருக்கிறது. தொழிலாகப் பாடுவதை விட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தொண்டை மாறியும் ஹார்மனி மாறவில்லை என்றால், அது தொண்டையில் மட்டும் இருந்ததல்ல. இளம் வயதில் ஒருவர் வாயைப் பார்த்து ஒருவர் பழகிய பழக்கம் அது. சைக்கிள் கற்ற உடம்பு மறப்பதில்லை என்பார்களே, இதுவும் அந்த ரகம்.

எர்ல் 1998இல் காலமானார். பில் 2008இல், தன் 90வது வயதில்.

கேட்கும்போது எதைக் கேட்பது?

முதல் முறை கேட்பவர்களுக்குச் சில வழிகள் சொல்கிறேன். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், பழைய பதிவின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கீழே இருக்கும் குரலை மட்டும் பின்தொடருங்கள். அது எர்ல், மெட்டு அவரிடம். இரண்டாம் தடவை மேலே இருப்பதைப் பிடியுங்கள். நடுவில் கைநழுவி மறுபடி எர்லிடம் போய்விடுவீர்கள். கைநழுவும் இடங்களில்தான் இருவரின் உயிரெழுத்தும் மிகச் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

மூன்றாம் தடவை சொற்களை விட்டுவிட்டு வரிகளின் கடைசி ஒலியை மட்டும் கவனியுங்கள். இருவரும் எங்கே விடுகிறார்கள், யார் முதலில் மூச்சு வாங்குகிறார்கள் என்று. அப்புறம் மன்ரோ பிரதர்ஸின் 1936 பதிவு ஒன்றைப் போட்டு, இரண்டு ஜோடிகளில் எது குரலைத் தள்ளுகிறது, எது தாங்கிப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியாக டேவிஸ் சிஸ்டர்ஸ். அவர்கள் சகோதரிகள் அல்ல என்று தெரியாத ஒரு நண்பரிடம் முதலில் போட்டுக் காட்டி, என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.